மூட்டின் குருத்தெலும்பு கரைவது ஏன்? எப்படி?

மூன்று புரியாய் முறுக்கிய கயிற்றைப் போல் அமைந்து, புரதத்தைச் சிதைக்கும் சாதாரண நொதிகளுக்கு எளிதில் வசப்படாத, குருத்தெலும்பின் புரதமான கொலாஜன், முடக்குவாதம் கண்ட மூட்டில் மட்டும் சிதைந்துபோவது யாது காரணத்தால் என்ற வினாவுக்கு, விசித்திரமாக, விடையின் முதல் நுனி ஒரு தலைப்பிரட்டையின் வாலில் அகப்பட்டது. அப்பிராணி தவளையாக ரூபாந்தரம் அடைகையில் வால் எவ்வாறு மறைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராசும் சார்ல்ஸ் லப்பியேரும், வால் துணுக்குகளைக் கொலாஜன் கூழின்மேல் இட்டு, மங்கலான கூழ் அவற்றைச் சுற்றிக் கரைந்து தெளிவதைக் கண்டு, கொலாஜனேஸ் என்னும் நொதியை 1962-இல் அறிவித்தனர். 1967-இல், நோயாளிகளின் மூட்டுச் சவ்வை ஆய்வுக்கலத்தில் வளர்த்தபோது அதிலிருந்தும் அவ்வினத்து நொதி வெளிப்பட்டது.

துத்தநாகத்தை ஆதாரமாகக் கொண்ட அந்நொதி, கொலாஜன் மூலக்கூறு முக்காலும் காலுமாகப் பிரியும்படி ஒரே ஸ்தானத்தில் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகளோ உடலின் உஷ்ணத்திலேயே புரி அவிழ்ந்து, அதுகாறும் அணுக இயலாதிருந்த பிற நொதிகளுக்கு இரையாகின்றன. ஆரோக்கியமான மூட்டில் கொலாஜனேஸை அடக்கிவைக்கும் தடுப்புப் புரதங்கள் உண்டு. நோயிலோ, தடித்த சவ்வின் செல்கள், இண்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். முதலிய சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலால், அத்தடையை விஞ்சும் அளவுக்கு நொதியைப் பெருக்குகின்றன. நொதியையே முடக்க வந்த மருந்துகள் மனிதரிடம் சோபிக்கவில்லை, டி.என்.எஃப்.-ஐத் தடுத்தவையே பலன் தந்தன.