படிப்பும் பின்னலும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமத்துக்கு அருகிலிருந்த ஒரு வீட்டு மாடியில் அமர்ந்து, பட்டப் பரீட்சைக்கு இரண்டாம் முறையாகப் படித்தேன். முதல் முறை தவறியதற்குச் சோம்பல் காரணமன்று. இரவு பகலாகப் புத்தகத்தை விட்டு எழாததே காரணம். கண் வரியில் இருக்கும். கருத்து எங்கோ இருக்கும். தந்தையார் மறுபடியும் கட்டணம் கட்டியிருந்தார். மூன்றாம் முறை கேட்க எனக்கு வாயில்லை.

ஆதலின் ஒரு நியதி வகுத்துக்கொண்டேன். ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி, அதன் சாரத்தை நினைவிலிருந்து எழுதவேண்டும். எழுதிவிட்டால், பருத்தி நூலில் தொடங்கியிருந்த லேஸ் கழுத்துத் துண்டில் இரண்டு வரிசை பின்னலாம். எழுத வராவிட்டால் ஊசியைத் தொடலாகாது.

பின்னல் ஏன் பரிசாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். லேஸின் அழகு துளைகளில் இருக்கிறது. நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றினால் புதிய கண்ணி ஒன்று பிறக்கும். அவ்விடத்தில் துளை விழும். கண்ணி கூடினால் துண்டு அகன்றுவிடாதா? அகலாது. அருகிலுள்ள இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுகிறோம். கூட்டலும் கழித்தலும் சரிக்குச் சரி. ஒரு சுற்றை மறந்தால் வரிசையின் முடிவில் கணக்கு உதைக்கும். ஆகவே மனம் அலைய இடமில்லை. சொற்களிலிருந்து மட்டும் அதற்கு ஓய்வு.

கல்வியும் லேஸும் நம் நாட்டில் முன்னரே கூடி வாழ்ந்தவை. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் வேலையும் கற்பித்தார். அது தலையணைமேல் சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் வேறு முறை. அதன் வருவாயால் அடிமைத்தளையினின்று தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அவர்களுக்கு அது வாழ்வு, எனக்கோ பரிசு.

ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலம் செல்வோரின் காலடியோசை கேட்டுக்கொண்டிருந்தது. அன்று பாடத்தை எழுதாமலே பின்னினேன். கணக்குத் தவறிற்று. லேஸைப் பிரித்தால் துளைகளின் வழியே கண்ணிகள் நழுவி ஓடும். மீண்டும் பிடிப்பது அரிது. நல்ல வேளையாக, எட்டு வரிசைக்கு முன்னர் வேறு நிற நூலொன்றை எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் கோத்து வைத்திருந்தேன். பிரிந்தது அந்த நூலோடு நின்றது. அங்கிருந்து மீண்டும் தொடங்கினேன்.

பாடத்துக்கும் அத்தகைய காவல் நூல் வேண்டும் என்று அப்போதுதான் விளங்கிற்று. நினைவிலிருந்து எழுதிய அந்தச் சிறு குறிப்புகளே அது. பரீட்சை மண்டபத்தில் ஒரு கேள்வியைக் கண்டு மனம் வெறுமையானபோது, நான் எழுதிய தலைப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தேறினேன்.

முடிந்த துண்டை நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்தி உலர்த்தினேன். சுருங்கிக் கிடந்த இலைகள் விரிந்தன. அதைத் தந்தையாரிடம் காட்டினேன். அவர் ஒரு மூலையில் இருந்த பிழையைத்தான் முதலில் கண்டார்.