கூரைக்குள் 86 டன் ஈரம்

பெர்லினிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. போனால், பைன் காடுகளுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான கொட்டகை தெரியும். 360 மீட்டர் நீளம், 210 மீட்டர் அகலம், 107 மீட்டர் உயரம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தை அப்படியே உள்ளே நிறுத்தினாலும் உச்சிக்கு மேல் 40 மீட்டர் மிச்சமிருக்கும். மார்கழியில் வெளியே பனி கொட்டும். கதவைத் தாண்டினால் 26 டிகிரி வெப்பம், மணற்கரை, பனை வகை மரங்கள், நீச்சலுடையில் ஓடும் குழந்தைகள். ‘டிராபிக்கல் ஐலண்ட்ஸ்’ என்ற இந்த நீர்ப் பூங்கா 2004 டிசம்பர் 19 அன்று திறக்கப்பட்டது. உள்ளேயே கூடாரத்தில் தங்கிவிடும் குடும்பங்களும் உண்டு.

வருபவர்கள் எல்லாரும் பேசுவது தண்ணீரைப் பற்றித்தான். 140 மீட்டர் நீளத்தில் ஒரு செயற்கைக் கடல், அதன் நீர் 28 டிகிரி. பக்கத்திலேயே இன்னும் கதகதப்பான ஒரு காயல். 27 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து இறங்கும் சறுக்குகள். உண்மையில் இந்த இடத்தில் சுலபமான வேலை தண்ணீர்தான். பள்ளம் தோண்டி, நீர் நிரப்பி, சூடாக்கி, வடிகட்டினால் போதும். கஷ்டமான வேலை காற்று. ஐரோப்பியக் குளிர்காலத்தின் நடுவே வெப்பமண்டலத்தை உண்டாக்குவது என்றால் வெப்பமண்டலத்துக் காற்றை உண்டாக்குவது என்றுதான் அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கொட்டகையின் கொள்ளளவு 55 லட்சம் கன மீட்டர். உள்ளே ஈரப்பதம் சுமார் 64 சதவீதம். 26 டிகிரியில், அந்த ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 15.6 கிராம் நீராவி இருக்கும். பெருக்கினால் 86 டன் வருகிறது. எட்டு, ஒன்பது தண்ணீர் லாரிகள் சுமக்கும் நீர் கண்ணுக்குத் தெரியாமல் தலைக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அதே நேரத்தில் வெளியே, பூஜ்ஜியம் டிகிரிக் குளிரில், காற்று முழுக்க முழுக்க ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. ஆகவே வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் மட்டும் போதாது. அதற்கு ஈரமும் ஊட்ட வேண்டும். இல்லையென்றால் அது பாலைவனக் காற்று.

26 டிகிரி, 64 சதவீதம் என்பது தை மாதத்துச் சென்னையில் ஒரு நல்ல மாலைப்பொழுது. கசகசக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த ஈரத்தைத்தான் 52 டிகிரி வட அட்சரேகையில் கூரை போட்டு, காசு கொடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கொட்டகை நீச்சலுக்காகக் கட்டியது அல்ல. இது நிற்கும் இடம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம். பிறகு 1992 வரை சோவியத் விமானப்படை வைத்திருந்த இடம். 1996இல் தொடங்கிய கார்கோலிஃப்டர் என்ற நிறுவனம் 160 டன் சரக்கைத் தூக்கிப் பறக்கும் வான்கப்பல் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. 260 மீட்டர் நீளம், வயிற்றுக்குள் ஐந்தரை லட்சம் கன மீட்டர் ஹீலியம். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் என்பதால் இந்த அளவு வாயு 550 டன்னைத் தூக்கும். அதில் கப்பலின் சொந்த எடை போக மிச்சம்தான் சரக்கு. அந்த வான்கப்பலைக் கட்டுவதற்கான இடமாக இந்தக் கொட்டகை 2000இல் எழுந்தது. கப்பல் எழவே இல்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களின் பணத்தோடு நிறுவனம் 2002இல் திவாலானது. 7 கோடியே 80 லட்சம் யூரோ செலவில் கட்டியதை 2003இல் 1 கோடியே 75 லட்சத்துக்கு வாங்கியவர்களில் முக்கியமானது மலேசியாவின் தஞ்சோங் நிறுவனம். அது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனுடையதாக இருந்தது. வெப்பமண்டலத்திலேயே பிறந்து வளர்ந்தவரின் பணம் வெப்பமண்டலத்தை ஜெர்மனிக்குக் கொண்டுபோனதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். 2018 இறுதியில் ஸ்பெயினின் பார்க்கஸ் ரெயுனிதோஸ் குழுமம் இதை வாங்கியது.

பெர்லினில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு நான் அங்கே போனது ஒரு குளிர்காலத்தில். உள்ளே நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடி சட்டென்று வெளுத்துப்போனது. துடைத்தேன், மறுபடி வெளுத்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகள் கிட்டே வந்து, “அத்தை, உங்க கண்ணாடிக்கு வேர்க்குது!” என்றாள். பார்த்தால் விளிம்பில் சொட்டுகள் திரண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் பார்த்தது அந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய பிரச்சினையின் சிறிய மாதிரி. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதனால் தன் நீராவியைத் தாங்க முடியாமல் போகும். அந்த வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். 26 டிகிரி, 64 சதவீதக் காற்றுக்குப் பனிப்புள்ளி சுமார் 18.6 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள்மேல் பட்டாலும் அந்தக் காற்று நீரைக் கக்கிவிடும். பனியில் நடந்து வந்த என் கண்ணாடி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கூரையின் வெளிப்பக்கமும் அப்படித்தான் இருக்கும். இரும்பு வளைவுகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய விரிப்புதான் கூரையின் பெரும்பகுதி. அதன் உட்புறம் 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அங்கே நீர் கோக்கும், சொட்டும், நாளடைவில் இரும்பையும் அரிக்கும். விரிப்பை அடுக்குகளாகப் போட்டு நடுவே காற்றை அடைத்து வைப்பது இதற்காகத்தான். அடைபட்டுக் கிடக்கும் காற்று வெப்பத்தை அவ்வளவு எளிதில் கடத்தாது.

புழுக்கமான நாளில் காற்று கனமாக இருக்கிறது என்று சொல்கிறோம். இயற்பியல்படி அது நேர்மாறு. நீர் மூலக்கூறின் எடை 18. காற்று மூலக்கூறுகளின் சராசரி எடை 29. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. அதனால் குளத்தின் மேலிருந்து கிளம்பும் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தே மேலே ஏறி, மிகக் குளிர்ந்த இடமான கூரையைத்தான் தேடிப் போகும். 107 மீட்டர் உயரத்தில் நடக்கும் அந்த வேலையைக் கீழே மணலில் படுத்திருப்பவர் ஒருபோதும் உணரமாட்டார்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் 22ஆம் தேதி நண்பகலில் அந்த ஊரில் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரிகூட ஏறாது. பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் கொஞ்சம் வெளிச்சமும் கூரை விரிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். பூங்கா திறந்த மறு ஆண்டில், தெற்குப் பக்கத்தில் சுமார் 20,000 சதுர மீட்டர் விரிப்பைக் கழற்றிவிட்டு இ.டி.எஃப்.இ. என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலத்தைப் பொருத்தினார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிர்களைத் தடுத்துவிடும். இந்தப் படலம் தடுப்பதில்லை. கோடையில் கூரைக்குள்ளேயே வெயிலில் தோல் கருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூரை இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது.

உள்ளே சுமார் 600 இனங்களைச் சேர்ந்த 50,000 செடி மரங்கள் கொண்ட ஒரு மழைக்காடு இருக்கிறது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் அதுதான். மழைக்காட்டின் தரைச்செடிகள் பிறந்ததிலிருந்தே பெருமரங்களின் நிழலுக்குப் பழகியவை. அகன்ற, மெல்லிய இலையில் கிடைக்கும் வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஜெர்மன் குளிர்காலத்து மங்கலைத் தாக்குப்பிடிப்பது அவற்றுக்கு ஓரளவு கைவந்த வேலை. வெட்டவெளி வெயிலில் வளரும் மரங்களுக்குத்தான் சிரமம். காற்று வீசாததும் ஒரு குறை. அசைவுக்கு உள்ளாகும் செடி தண்டைத் தடிமனாக்கிக்கொள்ளும். அசைவே இல்லாத இடத்தில் அது ஒல்லியாக, நெடுநெடுவென்று வளரும். இலைநுனிகளைப் பாருங்கள். பல இனங்களில் நுனி ஒரு கூரிய மூக்காக நீண்டிருக்கும். பெய்யும் மழை இலைமேல் தங்காமல் வடிந்துவிட அந்த மூக்கு உதவுகிறது. அங்கே மழை பெய்வதில்லை, ஆனாலும் மூக்கு இருக்கிறது.

குளத்திலிருந்து ஏறிய அண்ணன் மகளுக்கு உடனே பல் கிட்டியது. 26 டிகிரியில் எப்படிக் குளிரும்? இதற்கும் விடை காற்றில் இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 20 கிலோ எடையுள்ள குழந்தையின் தோலிலும் நீச்சலுடையிலும் இருந்து 50 கிராம் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே போனால் உடல் வெப்பநிலை ஒன்றரை டிகிரிக்கும் மேல் இறங்க வேண்டும். உண்மையில் காற்றும் கொஞ்சம் வெப்பம் தரும், உடலும் உற்பத்தி செய்யும்; அதனால் அவ்வளவு இறங்குவதில்லை. ஆனால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு என்று பார்த்தால் குழந்தைக்குப் பெரியவர்களைப் போல ஒன்றரை மடங்கு. எனவே முதலில் நடுங்குவது அவர்கள்தான். தண்ணீருக்குள்ளேயும் அப்படித்தான். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 28 டிகிரி நீரில் நெடுநேரம் விளையாடும் பிள்ளை வெப்பத்தை இழந்துகொண்டேதான் இருக்கிறது. உதடு நீலம் பூக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே வெளியே அழைத்துத் துவட்டிவிடுங்கள். துண்டு இங்கே வெறும் துணி அல்ல. ஆவியாகக் காத்திருக்கும் நீரை அது முன்கூட்டியே எடுத்துவிடுகிறது.

சறுக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 27 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் இறங்கினால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு 83 கி.மீ. இருக்கும். மிக வேகமான சறுக்கில் 70 கி.மீ. வரை எட்டலாம் என்கிறது பூங்கா. கோபுரத்தின் முழு உயரத்தையும் சறுக்கு பயன்படுத்துகிறது என்று கொண்டால், ஆற்றலில் கால்வாசிக்குச் சற்றே கூடுதலாக உராய்விலும் தெறிக்கும் நீரிலும் போகிறது. அவ்வளவு குறைவாகப் போவதற்குக் காரணம் உடலுக்கும் சறுக்குக்கும் நடுவே ஓடும் மெல்லிய நீர்ப்படலம். அப்பா முந்துவாரா, மகள் முந்துவாளா? உராய்வை மட்டும் பார்த்தால் எடைக்கு இதில் வேலையே இல்லை. காற்றும் தெறிக்கும் நீரும் தடுக்கும்போது கனமானவருக்குச் சின்ன அனுகூலம் உண்டு. அதனால் பெரும்பாலும் அப்பாதான். மகள் மல்லாந்து படுத்து, தோள்பட்டையும் குதிகாலும் மட்டும் படும்படி முதுகை லேசாக வளைத்தால் இடைவெளி குறையும்.

கடைசியாக ஒரு வாசனை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் மூக்கில் ஏறும் நெடியைக் குளோரின் வாசனை என்றும், அது பலமாக அடித்தால் குளம் சுத்தம் என்றும் பலர் நம்புகிறார்கள். அது குளோரின் இல்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியாவோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமீன்களின் நெடி அது. நெடி பலமாக இருந்தால் குளத்தில் மனிதக் கழிவு அதிகம் என்று அர்த்தம். கண் சிவப்பதற்கும், சில பிள்ளைகளுக்கு இருமல் வருவதற்கும் காரணம் இதுவே. ஜெர்மனியின் நீச்சல் குளத் தரவிதி, தனித்த குளோரினை லிட்டருக்கு 0.3 முதல் 0.6 மில்லிகிராமிலும், இப்படிப் பிணைந்துபோன குளோரினை 0.2 மில்லிகிராமுக்கு மிகாமலும் வைக்கச் சொல்கிறது. எல்லாக் கிருமியும் குளோரினுக்கு அடங்குவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் முறையாகக் குளோரின் சேர்த்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். வயிறு சரியில்லாத பிள்ளையை எந்தக் குளத்திலும் இறக்கக் கூடாது.

திறந்தவெளிக் குளத்தில் குளோரமீனைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக்குள் அதற்குப் போக வழியில்லை. நீரில் அதிகம் கரையாத டிரைகுளோரமீன் நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே, நீந்துபவரின் மூக்குக்கு நேராகவே தேங்கி நிற்கும். அதை வெளியேற்ற முக்கிய வழி பழைய காற்றைத் துரத்திப் புதுக் காற்றை உள்ளே விடுவது. துரத்தும் ஒவ்வொரு கன மீட்டரோடும் 15.6 கிராம் ஈரமும், 26 டிகிரி வெப்பமும் சேர்ந்தே வெளியே போகின்றன. அவற்றை மறுபடி உண்டாக்க எரிபொருள் வேண்டும். அதனால்தான் குளத்தில் இறங்குமுன் ஒரே ஒரு நிமிடம் ஷவரில் நின்று உடம்பைக் கழுவச் சொல்கிறார்கள். தோலில் இருந்த வியர்வையில் பெரும்பகுதி அங்கேயே வடிகாலில் இறங்கிவிடுகிறது. குளோரினுக்குக் கிருமியைக் கொல்லும் வேலை மட்டும் மிஞ்சுகிறது.