பிளானை மாத்தினோம், பிரச்சினை மாறலை: ஒரு கனெக்ஷன், நாலு பேர்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப்போறது, உங்க வீட்டுச் சுவரோரமா கண் சிமிட்டிக்கிட்டே இருக்கிற அந்த வைஃபை பெட்டியைப் பத்தி.

நாங்க நாலு பேர், வேளச்சேரியில ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட். ஒரே ஃபைபர் கனெக்ஷன், பில்லை நாலா பிரிச்சுக் கட்டுவோம். போன வருஷம் என் ரூம்மேட்டுக்கு ஒரு வேலைக்கான கடைசி ரவுண்ட் இன்டர்வியூ, வீடியோ கால்ல. பத்தாவது நிமிஷம் அவன் முகம் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. குரல் ரோபோ மாதிரி ஆயிடுச்சு. மூணு தடவை கட் ஆனதும், "அப்புறம் கூப்பிடுறோம்"னு வெச்சுட்டாங்க. கூப்பிடவே இல்லை.

அன்னைக்கே 100 எம்பிபிஎஸ் பிளானை 200-க்கு மாத்தினோம். அடுத்த வாரமும் கால் அதே மாதிரி திக்குச்சு. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து காரணத்தைத் தேட ஆரம்பிச்சோம்.

முதல்ல வயர்ல பாருங்க

கம்பெனி கொடுத்த பெட்டியில ஒரு ஈதர்நெட் வயரைச் சொருகி, லேப்டாப்ல ஸ்பீட் டெஸ்ட் எடுங்க. வயர்ல சரியா வந்து வைஃபைல வரலைன்னா, கோளாறு வீட்டுக்குள்ளதான் இருக்கு. எங்களுக்கு வயர்ல 200 வந்துச்சு, பின்ரூம் வைஃபைல வெறும் 15.

வயர்லயே 95 பக்கம் வந்து நிக்குதா? போர்ட்டோட திறனே 100 எம்பிபிஎஸ்தானான்னு பாருங்க. இல்லைன்னா வயர்ல ஏதோ ஒரு இழை அறுந்திருக்கலாம். 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு வயருக்குள்ள இருக்கிற 8 இழையும் வேணும், 100-க்கு 4 போதும்.

ரெண்டு வாட்ச்மேன் கதை

பின்ரூமுக்காக ரெண்டாவதா ஒரு ரவுட்டர் வாங்கி, முதல் பெட்டியில இருந்து வயர் இழுத்து மாட்டினோம். சிக்னல் ஃபுல்லா வந்துச்சு. ஆனா ஹால்ல இருக்கிற பிரிண்டர், பின்ரூம் லேப்டாப்போட கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஏன்?

ரவுட்டரை அபார்ட்மென்ட் வாட்ச்மேன்னு நினைச்சுக்கோங்க. வெளியுலகத்துக்கு நம்ம வீடு முழுக்க ஒரே முகவரிதான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் 192.168-ல தொடங்குற ஒரு எண்ணை ரவுட்டர் கொடுக்குது. அந்த வேலைக்குப் பேர் டிஎச்சிபி. வெளியில இருந்து வர்ற பார்சல் எந்த ஃப்ளாட் ஆர்டர் பண்ணினதுன்னு ஞாபகம் வெச்சு, சரியான கதவுல கொடுக்கிறது என்ஏடி. பழைய முறை முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான், அதனாலதான் இந்த ஏற்பாடு.

நாங்க அந்த வயரை ரெண்டாவது ரவுட்டரோட 'வேன்' போர்ட்ல சொருகியிருந்தோம். அதனால அது தனியா ஒரு காம்பவுண்டே கட்டிடுச்சு. வாசலுக்கு ஒரு வாட்ச்மேன், பின்ரூமுக்கு இன்னொருத்தர்.

சரி பண்றது சுலபம். ரவுட்டர்ல 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தா அதை ஆன் பண்ணினா போதும். இல்லைன்னா மூணு வேலை:

1. ரெண்டாவது ரவுட்டரோட முகவரியை மாத்துங்க. முதல் பெட்டி 192.168.1.1-ன்னா இதை 192.168.1.2 ஆக்குங்க. முதல் பெட்டி மத்தவங்களுக்குக் கொடுக்கிற எண்கள்ல இந்த எண் வராம பார்த்துக்கோங்க.
2. அதுல டிஎச்சிபியை ஆஃப் பண்ணுங்க.
3. வயரை 'வேன்' போர்ட்ல இருந்து எடுத்து 'லேன்' போர்ட்ல சொருகுங்க.

இப்போ ஒரே வாட்ச்மேன், ரெண்டு ஆன்டெனா. பிரிண்டரும் கிடைச்சிடும்.

வைஃபை பத்தி ஒரு வரி: 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர்ல தடுமாறும். நகராத டிவி, டெஸ்க்டாப்புக்கெல்லாம் வயர் போட்டுட்டா, காத்துல இருக்கிற இடம் போனுக்கும் லேப்டாப்புக்கும் மிஞ்சும்.

அப்போ இன்டர்வியூ ஏன் கெட்டுது?

இவ்வளவும் பண்ணியும் கால் சில நேரம் திக்குச்சு. ஒரு நாள் பிங் டெஸ்ட் ஓட விட்டுட்டுக் கவனிச்சோம். சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்ட். திடீர்னு 800. அந்த நேரத்துல வீட்ல என்ன ஓடுச்சு தெரியுமா? என் போன். கல்யாண வீட்டு வீடியோ எல்லாத்தையும் கிளவுடுக்கு பேக்கப் பண்ணிட்டிருந்துச்சு.

எங்க பிளான்ல டவுன்லோட்தான் 100-ல இருந்து 200 ஆச்சு. அப்லோட் முன்னாடியும் 20, அப்புறமும் 20. பேக்கப் அந்த 20-ஐ மொத்தமா நிரப்பிடும். வீடியோ காலோட சின்னச் சின்னத் துண்டுகள் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்கணும். பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கவுன்டர் முன்னாடி ஒருத்தர் ஐம்பது பேருக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தா, நம்ம ஒத்தை டிக்கெட் என்ன ஆகும்? அதேதான். இதுக்கு 'பஃபர்புளோட்'னு பேர்.

மெயின் ரவுட்டர்ல 'க்யூஓஎஸ்' அல்லது 'எஸ்கியூஎம்' இருந்தா, அப்லோட் அளவை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கம்மியா வைங்க. 20 வந்தா 18. வரிசையை ரவுட்டரே நிர்வகிக்கும், சின்னத் துண்டுகளுக்கும் முறை வரும். எங்க பெட்டியில அந்த வசதி இல்லை. அதனால வீட்டுக்குள்ள ஒரு சட்டம் போட்டோம்: பேக்கப் எல்லாம் ராத்திரி மட்டும்.

பாஸ்வேர்டு யார்கிட்ட?

கனெக்ஷன் என் பேர்ல, என் அடையாள ஆவணத்துல இருக்கு. அதுல யார் என்ன பண்ணினாலும் முதல்ல கேள்வி என்கிட்டதான் வரும். அதனால விருந்தாளிங்களுக்கு மெயின் ரவுட்டர்லயே தனியா கெஸ்ட் நெட்வொர்க் போட்டுட்டோம். ரவுட்டர் செட்டிங்ஸுக்குள்ள போற 'அட்மின்' பாஸ்வேர்டையும் மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டு வேற, அது வேற. ரூம்மேட் காலி பண்ணிட்டுப் போனா ரெண்டையும் மாத்திடுங்க.

காரணம் தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி, ரூம்மேட்கிட்ட போய்ச் சொன்னேன்: "மச்சி, அன்னைக்கு உன் இன்டர்வியூவைக் கெடுத்தது அனேகமா என் போன்தான்டா." கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "சரி விடு. நாளைக்குப் பதினொரு மணிக்கு இன்னொரு கம்பெனி. அதை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கு"ன்னான்.

உங்க வீட்டுக் காலும் திக்குதுன்னா, பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லா போனையும் எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.