உங்களுக்குத் தெரியுமா? சிட்னிக்குக் கப்பலேறிய மாரோனிய குருக்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெபனான் மலைக் கிராமங்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போனவர்களில் பலர், சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தங்கினார்கள். துணிமணி, ஊசி நூல், சீப்பு என்று மூட்டை கட்டித் தோளில் சுமந்து, ஊர் ஊராக நடந்து விற்பதே அவர்களில் பலருக்குத் தொழில். அவர்களில் பலர் மாரோனியர், அதாவது லெபனானின் கீழைக் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். தாய்மொழி அரபு. அங்கிருந்த கத்தோலிக்க ஆலயங்களிலோ திருப்பலி லத்தீனில் நடந்தது.

● 1893இல் அருட்தந்தையர் அப்துல்லா யஸ்பெக், ஜோசப் தஹ்தா இருவரும் இம்மக்களுக்குப் பணியாற்ற சிட்னி வந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் மாரோனிய குருக்கள் இவர்களே.

● 1897இல் ரெட்ஃபெர்னில் புனித மாரோன் ஆலயம் திறக்கப்பட்டது.

● மாரோனியத் திருப்பலியில் அப்பத்தையும் ரசத்தையும் அர்ச்சிக்கும் வசனங்கள் சிரியாக் மொழியில் ஓதப்படுகின்றன. இயேசு பேசிய அரமேய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

● 1973இல் ஆஸ்திரேலிய மாரோனியருக்கென்று தனி மறைமாவட்டமே உருவானது.

பிழைக்கப் போன ஊரில் ஒரு சமூகம் தன் வழிபாட்டையும் மொழியையும் இழக்காமல் இருக்க, நல்ல பங்குத்தந்தையின் துணை எவ்வளவு பெரியது என்பதற்கு ரெட்ஃபெர்னே சாட்சி.