மணலில் ஓடும் வண்டியும் அதன் ரேடியேட்டரும்

ஜெய்சல்மீருக்கு அப்பாலுள்ள சம் மணற்குன்றுகளைக் காணச் சென்ற நம் சங்கக் குடும்பத்தினர், ஒட்டகங்களுக்கு நடுவே நாற்சக்கர வண்டிகள் சில உறுமிக்கொண்டு திரிவதைக் கண்டிருப்பர். மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற கைப்பிடி. பருத்த நான்கு டயர்கள். குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் கால்களைப் போட்டு அமரும் ஆசனம். எந்நிலத்திலும் ஓடுவது என்னும் பொருள்பட, ஆங்கில முதலெழுத்துக்களால் இதனை ஏ.டி.வி. என்று வழங்குகின்றனர். ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார் 1970-இல் இதனை மூன்று சக்கரங்களோடு அமெரிக்காவில் விற்கத் தொடங்கினர். அது எளிதில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தியமையால் 1988-இல் அங்கே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1982-இல், சுஸுகி கம்பெனியார் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்திருந்தனர். தொடக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையைக் காற்றே செய்தது. எஞ்சின் பெருகப் பெருக நீரும் ரேடியேட்டரும் வந்து சேர்ந்தன.

எஞ்சின் கொதித்து இவ்வண்டி நடுமணலில் நின்றுவிட்டால், அமர்ந்திருப்பவருக்கு அது அரைமணி நேரத் தொல்லை. வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கோ அன்றாடச் சோறு. நம் சங்கத்தைச் சேர்ந்த திருநெல்வேலிச் சீமை இளைஞர் ஒருவர் இரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி அங்கே வாடகைக்கு விட்டு வருகிறார். சென்ற பருவத்தில் அவற்றுள் ஒன்று ஓயாமல் கொதித்தது. பெரிய ரேடியேட்டர் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்ல, ஒரு மாதத் தவணைப் பணத்தைப் போட்டு அவரும் பொருத்தினார். கொதிப்பு அடங்கவில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். ரேடியேட்டர் செய்யும் வேலை இன்னதென்று முதலில் அறிந்துகொண்டால் அது எளிதில் விளங்கும்.

நான் இயந்திர நூல் கற்றவனல்லன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் சேர்ந்து, டீசல் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் கொட்டகையொன்றில் பண்டகசாலைக் கணக்கு எழுதுபவன். ஆயினும் கணக்கேடும் சில செய்திகளைச் சொல்லும். பங்குனி பிறப்பதற்கு முன்பே ரப்பர்க் குழாய்களும் அவற்றை இறுக்கும் வளையங்களும் அடுக்கடுக்காக வெளியே போகத் தொடங்கும். 1964 முதல் வாராணசியில் உருவான 2,600 குதிரைச் சக்தியுள்ள டபிள்யூ.டி.எம். 2 எஞ்சினாயினும் சரி, மணலில் திரியும் சிறு வண்டியாயினும் சரி, வெயில் காலத்தில் முதலில் முறையிடுவது ரேடியேட்டர்தான்.

எரிபொருளிலிருந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதை எஞ்சினின் உடலிலிருந்து அகற்றியாக வேண்டும். அகற்றாவிடில் பிஸ்டன் இறுகிப்போகும், சிலிண்டரின் தலைப்பகுதி வளைந்துவிடும். நீர் அவ்வெப்பத்தை வாங்கி ரேடியேட்டருக்குச் சுமந்து வருகிறது. ரேடியேட்டர் அதனைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. நீர் வெறும் சுமைகூலிதான். வாங்கிக்கொள்ளக் காற்று வந்து நிற்காவிட்டால், கூலியாள் மூட்டையோடு திரும்பிப் போகவேண்டியதே.

இதனை நன்கு உணர்ந்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மைபாக். தொடக்க கால மோட்டார் வண்டிகள் நீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கியே குளிர்ந்தன. வழி நெடுகத் தண்ணீர் ஊற்றவேண்டும். 1900-இல் 35 குதிரைச் சக்தியுள்ள முதல் மெர்சிடிஸ் வண்டியை உருவாக்கிய மைபாக், பெரிய தொட்டி எதனையும் வைக்கவில்லை. ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களைத் தேனடைபோல் சேர்த்துப் பற்றவைத்தார். குழாய்களுக்குள்ளே காற்று, வெளியே நீர், பின்னால் ஒரு விசிறி. ஒன்பது லிட்டர் நீரே போதுமாயிற்று. தேனடை வடிவம் இன்று மறைந்துவிட்டது. இன்றைய ரேடியேட்டரில் தட்டையான குழாய்களுக்குள் நீர் ஓட, அவற்றின் இடையேயுள்ள மெல்லிய மடிப்புத் தகடுகளின் ஊடே காற்றுச் செல்கிறது. கொள்கை மட்டும் அதுவேதான்.

இனிப் பாலைவனக் கணக்கைப் பார்ப்போம். எஞ்சின் நீர் 95 டிகிரியும் வெளிக்காற்று 20 டிகிரியும் இருந்தால் வேறுபாடு 75. காற்று 45 டிகிரியானால் வேறுபாடு 50 மட்டுமே. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே அதே ரேடியேட்டர், அதே விசிறி, ஆனால் வேலையோ மூன்றில் இரண்டு பங்கு. பயணிகள் வரத்தொடங்கும் அக்டோபரிலும் அங்கே நண்பகலில் பெரும்பாலும் 35 டிகிரிக்குக் குறைவதில்லை. சாலையில் ஓடும் காருக்கு எதிர்க்காற்றாவது உதவும். மணலிலோ எஞ்சின் முழு மூச்சுடன் உழைக்க, வண்டி நடைவேகத்தில் ஊர்கிறது. ரேடியேட்டருக்கு விசிறியே கதி.

லே போன்ற உயர்ந்த இடத்தில் சங்கடம் வேறு வகை. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. தண்ணீரும் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர் தேசந்தானே என்று அங்கே அலட்சியமாக இருப்பதற்கில்லை.

நம் இளைஞரின் வண்டிக்கு வருவோம். "அண்ணாச்சி, இரண்டு மடங்கு தடிமனுள்ள ரேடியேட்டர் போட்டும் கொதிக்கிறதே, இது என்ன சோதனை!" என்று ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் கொட்டகையில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதிய ஃபிட்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு அடுத்த விடுமுறையில் அவ்விடம் சென்றேன். பெரியவர் கருவி ஒன்றையும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திய நிலையில் எஞ்சினை ஓடவிட்டார். சூடேறி விசிறி சுழலத் தொடங்கியதும், சட்டைப்பையிலிருந்த ஒரு ரசீதை எடுத்து ரேடியேட்டரின் முன்புறம் நீட்டினார். விசிறி பின்னாலிருந்து காற்றை இழுக்குமாயின், தாள் தகட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவோ பறந்து வந்து பெரியவரின் மார்பில் ஒட்டியது! புதிய ரேடியேட்டரைப் பொருத்தியவர் விசிறியின் இரு கம்பிகளையும் மாற்றி இணைத்துவிட்டார். எஞ்சினில் காய்ந்த காற்றையே அது முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

பழைய ரேடியேட்டரையும் பெரியவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மணலும் கசிந்த எண்ணெயும் குழைந்து தகடுகளின் இடுக்கில் சாந்துபோல் இறுகியிருந்தது. நாள்தோறும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதாக இளைஞர் கூறினார். உண்மைதான், ஆனால் முன்புறமிருந்து, மிகுந்த விசையோடு. அழுக்கு இன்னும் உள்ளே போனதோடு தகடுகளும் மடங்கிவிட்டன. பின்புறமிருந்து முன்னோக்கி, மெல்லிய தாரையாக, பொறுமையுடன் கழுவவேண்டும் என்று பெரியவர் செய்து காட்டினார். அவ்வாறு கழுவி, மடங்கிய தகடுகளை நிமிர்த்தி, ரப்பர் தேய்ந்திருந்த மூடியையும் மாற்றிய பின் அந்தப் பழைய ரேடியேட்டரே வேலைக்கு உதவலாயிற்று. விற்பனைக்கு முன் ஒரு தாளை நீட்டிப் பார்க்கக் கடைக்காரருக்குத் தோன்றவில்லை போலும்.

அங்ஙனமாயின் பெரிய ரேடியேட்டர் வீண் செலவா என்று கேட்கலாம். அன்று. விசிறி சரி, தகடு தூய்மை, நீர் இறைக்கும் பம்பு சரி, மூடி சரி, அப்பொழுதும் வெயிலில் முள் ஏறுகிறது என்றால் மாற்றுவதே முறை. தேர்ந்தெடுக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். தகடுகள் நெருங்கியிருந்தால் பரப்பு அதிகம் என்று விற்பவர் புகழ்வார். சாலைக்கு அது நன்று, மணலிலும் சேற்றிலும் அதுவே விரைவில் அடைபடும். சற்று இடைவெளி விட்ட தகடுகளும் அகன்ற முகமுமே நமக்கு ஏற்றவை. தடிமன் கூடக் கூட, காற்றை உள்ளிழுக்க விசிறிக்கும் வலிமை வேண்டும். விசிறியைச் சுற்றி இடைவெளியின்றிக் கூடு அமைந்திருக்கவும் வேண்டும்.

செம்பா, அலுமினியமா என்பதும் பலருக்கு ஐயம். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பே சிறந்தது. ஆனால் அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அகன்ற குழாய்களாக அமைக்கலாம். தகட்டையும் குழாயையும் நன்கு உருக்கி இணைக்கலாம். ஆகவே அலுமினியத்தை இளப்பமாக எண்ணவேண்டா. பிளாஸ்டிக் தொட்டி இணைத்த ரேடியேட்டர்கள் குலுக்கலில் இணைப்பிடத்தில் கசியக்கூடும். முழுவதும் அலுமினியமானவை அவ்வகையில் உறுதி மிக்கவை. சேற்றில் ஓட்டுவோர் சிலர் ரேடியேட்டரை மேலே, கைப்பிடிக்கு முன்னுள்ள சுமைதாங்கியில் ஏற்றி வைக்கின்றனர். நல்ல யோசனையே. ஆனால் நீண்ட குழாய்களில் காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடியைப் பற்றி ஒரு சொல். அது வெறும் அடைப்பன்று. உள்ளே அழுத்தத்தைக் காத்து நீர் கொதிக்கும் எல்லையை உயர்த்துவது அதுதான். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. அதனால்தான் சூடான எஞ்சினின் மூடியைத் திறந்தவுடன் நீர் குபீரெனப் பொங்கி முகத்தில் அடிக்கிறது. பிள்ளைகளோடு செல்வோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். வண்டி நின்றுவிட்டால் பிள்ளைகளை விலக்கி நிறுத்துங்கள். கை பொறுக்கும்படி ஆறும்வரை மூடியைத் தொடவேண்டா.

இந்தப் பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றுவதும் கூடாது. நீராவி எஞ்சின்களின் கொதிகலத்தில் உப்புப் படிந்து ரயில்வேக்குத் தலைவலி கொடுத்ததை மூத்தோர் அறிவர். இங்கும் அதே உப்புத்தான் குழாயின் உட்புறம் படிகிறது. வாலை வடித்த நீரோடு கூலண்ட் எனப்படும் திரவத்தைச் சரிபாதி கலந்து ஊற்றுவதே வழக்கம். அதில் எத்திலீன் கிளைக்கால் உள்ளது. இது கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும் பொருள்களும் இதனோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் இது கொடிய நஞ்சு, சுவையோ இனிப்பு. பச்சையும் சிவப்புமாய்ச் சர்பத்துப்போல் தோன்றும் இதனைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு உடல் நடுங்குகிறது.

புதிய ரேடியேட்டரைப் பொருத்திய பின் வண்டியின் முன்புறத்தைச் சற்று மேடான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, நீரை மெல்ல நிரப்பி எஞ்சினை ஓடவிட வேண்டும். உட்கதவாகிய தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் வெளிவந்து நீர்மட்டம் இறங்கும், நிரப்பி மூடவேண்டும். குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், சிலிண்டர்த் தலையின் கீழுள்ள காஸ்கட் பழுது. எந்த ரேடியேட்டரும் அதற்கு மருந்தாகாது. பிறகு விசிறி சுழலும்வரை காத்திருந்து, அந்தத் தாளையும் ஒருமுறை நீட்டிப் பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முற்றும் ஆறிய மறுநாட் காலையில் நீர்மட்டத்தை மீண்டும் பார்த்துக் குறைந்ததை நிரப்பினால் போதும்.