கட்டற்ற நிரல்கள் – 14: விளக்கமும் நிரலின் பகுதியே

மூல நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உள்ள உரிமையைக் கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் எவ்வாறு காக்கின்றன என்பது சென்ற இதழில் விளக்கப்பட்டது. அந்த உரிமை நடைமுறையில் பயன்படவேண்டுமாயின், தேவைப்படுபவரின் கண்ணில் அந்த நிரல் முதலில் பட்டாக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ் போன்ற முழு மென்பொருள்களின் பெயர்கள் பரவலாக அறியப்பட்டவை என்பதால் அவற்றைத் தேடிப்பிடிப்பதில் இடர்ப்பாடு இல்லை. ஆனால் அத்தகைய பெரிய மென்பொருளோடு இணைந்து ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்து தரும் சிறு நிரல்களாகிய செருகுநிரல்கள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் பெயர் தேடுபவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தமக்கு ஆகவேண்டிய வேலையைச் சொல்லித்தான் அவர் தேட முடியும்.

இதற்கு வேர்ட்பிரஸ் நல்ல எடுத்துக்காட்டு. வலைத்தளங்களை அமைக்கப் பயன்படும் இந்தக் கட்டற்ற மென்பொருள் 2003 மே மாதத்தில் முதன்முதலாக வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த 1.2 பதிப்பில், மூல நிரலைத் தொடாமலே புதிய வசதிகளைச் சேர்க்க உதவும் செருகுநிரல் ஏற்பாடு இடம்பெற்றது. இன்று அதன் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இத்தனைக்குள் ஒன்றைக் கண்டெடுப்பதற்காக அக்களஞ்சியத்தின் தேடல் 2017-இல் எலாஸ்டிக்சர்ச் என்னும் திறமூலத் தேடுபொறியைக் கொண்டு புதிதாகக் கட்டப்பட்டது.

இவ்வகைத் தேடுபொறி, நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் போல, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்கிறது. எல்லா ஆவணங்களிலும் காணப்படும் சொல்லைவிடச் சிலவற்றில் மட்டும் காணப்படும் சொல்லே ஆவணத்தை அடையாளம் காட்ட வல்லது என்ற கருத்தை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் கணித அளவாக வகுத்தார். இன்றைய தேடுபொறிகள் பலவற்றின் மதிப்பெண் முறை இந்த அடித்தளத்தின்மேல் நிற்பதே. அதிலிருந்து வளர்ந்ததும் எலாஸ்டிக்சர்ச்சில் இயல்பாகவே அமைந்ததுமான பிஎம்25 என்னும் வாய்பாட்டின்படி, ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் அதனால் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ஒரே சொல்லை இருபது முறை எழுதிவைப்பதால் பயன் மிகச் சிறிதே. வேர்ட்பிரஸ் களஞ்சியத்தின் விதிகளும் அதைத் தடைசெய்கின்றன.

எழுதப்படாத சொல்லை எந்தத் தேடுபொறியும் இவ்வழியில் கண்டெடுக்க இயலாது என்பதுதான் இங்கே முதன்மையானது. செருகுநிரல் ஒவ்வொன்றோடும் ‘ரீட்மீ’ எனப்படும் விளக்கக் கோப்பு ஒன்றை ஆசிரியர் இணைக்க வேண்டும். அதில் தலைப்பும், 150 எழுத்துகளுக்கு மிகாத சுருக்கமும், நீண்ட விளக்கமும், பக்கத்தில் காட்டப்படும் ஐந்து குறிச்சொற்களும் அடங்கும். தேடுபொறி வாசிப்பது இந்த விளக்கத்தையே. நிரல் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நிரலாளரோ தாம் கையாண்ட தொழில்நுட்பத்தின் பெயரால் விளக்கம் எழுதுவதையே இயல்பாகக் கொள்கிறார். தளத்திலிருந்து அனுப்பும் மின்னஞ்சல் உரியவரைச் சென்றடையாத குறையைத் தீர்க்கும் செருகுநிரலுக்கு, அஞ்சல் அனுப்பும் நெறிமுறையின் பெயராகிய எஸ்எம்டிபி என்பதை மட்டும் அவர் எழுதிவிட்டால், ‘மின்னஞ்சல் போகவில்லை’ என்று தேடும் கடைக்காரருக்கு அது அகப்படுவது அரிது. தீர்வின் பெயரோடு சிக்கலின் பெயரையும், அதைப் பட்டு உணர்ந்தவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிவைப்பது விளம்பரம் அன்று. நிரலாக்கப் பணியின் ஒரு பகுதியே அது.

சொற்பொருத்தத்துக்குப் பின்னர்த் தரவரிசை வருகிறது. செருகுநிரல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, வேர்ட்பிரஸின் எந்தப் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது, எத்தனை தளங்களில் இயங்குகிறது, பயனர்கள் எழுப்பிய ஐயங்களுள் எத்தனை தீர்க்கப்பட்டன, அவர்கள் எத்தனை நட்சத்திரம் வழங்கினர் என்பன 2017-இல் கட்டப்பட்ட அந்தத் தேடலில் கணக்கில் கொள்ளப்பட்டன. இவற்றுள் தளங்களின் எண்ணிக்கை நேரடியாகப் பெருக்கப்படாமல் மடக்கை அளவில் சேர்க்கப்பட்டது மிகச் சரியான முடிவு. மடக்கை என்பது எண்ணின் பெருக்கத்தைச் சிறு படிகளாக ஒடுக்கும் கணித முறை. பத்தை அடியாகக் கொண்டால் ஆயிரத்துக்கு 3, பத்து லட்சத்துக்கு 6. நேரடி எண்ணிக்கையில் ஆயிரம் மடங்காக உள்ள இடைவெளி இவ்வாறு இருமடங்காகச் சுருங்குவதால், பெயர் பெற்ற செருகுநிரலின் நிழலில் சிறிய செருகுநிரல் முற்றிலும் மறைந்துபோவதில்லை. ஆயினும் நேற்று வெளியான, இன்னும் எவரும் நிறுவாத செருகுநிரலுக்கு இந்த அளவையாலும் உதவி கிட்டாது. அதற்குத் துணை அதன் விளக்கம் ஒன்றுதான்.

தேடலின் குறைபாடு பாதுகாப்பையும் பாதிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்புகளின் களஞ்சியமாகிய என்பிஎம்-இல், ‘கிராஸ்-என்வ்’ என்ற புகழ்பெற்ற தொகுப்பின் பெயரிலிருந்து இடைக்கோட்டை மட்டும் நீக்கி, அதே போன்ற பெயரில் போலித் தொகுப்பொன்று வைக்கப்பட்டிருந்தது 2017 ஆகஸ்டில் தெரியவந்தது. பெயரைத் தவறாகத் தட்டச்சிட்டு அதை நிறுவியவர்களின் கணினியிலிருந்து கடவுச்சொல் போன்ற மறைவுத் தகவல்கள் இருக்கக்கூடிய சூழல் மாறிகளை அது வெளியே அனுப்பிற்று. சரியானதை முன்னே நிறுத்தி, அதை எவர் பராமரிக்கிறார் என்பதையும் தெளிவாகக் காட்டும் தேடல் இருக்குமிடத்தில் இத்தகைய ஏமாற்றுக்கு இடம் குறையும்.

சொல்லைத் தேடுவதோடு வகைப்படுத்தித் தேடுவதும் உண்டு. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் தொகுப்புகளுக்காக உருவான ‘டெப்டேக்ஸ்’ திட்டம், ஒரு தொகுப்பை ஒரே வகைக்குள் அடைக்காமல், அதன் பணி, இடைமுகம், கையாளும் கோப்பு வகை, எழுதப்பட்ட நிரல்மொழி எனப் பல முகங்களால் குறித்துவைக்கிறது. இந்தப் பன்முகப் பகுப்பு முறையை நூலகவியலில் நிலைநாட்டியவர், சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன். 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறையில் முகங்களைப் பிரித்துக் காட்டிய முக்காற்புள்ளி, டெப்டேக்ஸ் குறிச்சொற்களிலும் முகத்தின் பெயருக்குப் பின்னே இரட்டையாக நிற்கக் காணலாம். வாசகரின் நேரத்தைக் காப்பதை நூலகக் கடமைகளுள் ஒன்றாக அவர் வகுத்தது மென்பொருள் களஞ்சியங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

தமிழில் தேடும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. படிவம், படிவத்தை, படிவங்களில், படிவத்துக்கான என்பவை படிப்பவருக்கு ஒரே சொல்லின் வடிவங்கள். விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைக் காணும் சொற்பகுப்பி இல்லையேல் தேடுபொறிக்கு அவை நான்கு வேறு சொற்கள். அடிச்சொல் காணும் திறமூல நிரல்களின் தொகுப்பாகிய ஸ்னோபாலில் தமிழுக்கும் இடம் கிடைத்துள்ளது. எழுத்துக் குறியீட்டிலும் கவனம் தேவை: ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே எனினும், இவற்றை ஒருமைப்படுத்தாத தேடல் ஒன்றைக் கண்டு மற்றதை விட்டுவிடும். நாட்காட்டி, காலண்டர், கேலண்டர் எனப் பயனர்கள் எழுதும் சொற்களும் பலவாகும். இவற்றை இணைக்கும் ஒத்தசொல் பட்டியலைத் தமிழ் அறிந்தவர்தான் தர முடியும்.

எவ்வளவு நுட்பமான சொற்பகுப்பிக்கும் தமிழ் விளக்கம் எழுதப்படாத இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸின் மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனியாக இடம்பெற்றுள்ளன. செருகுநிரலுக்குள் வரும் சொற்களை மட்டுமின்றி அதன் விளக்கக் கோப்பையும் அங்கே தமிழாக்க இயலும். இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கிய எவரும் மொழிபெயர்ப்பை முன்மொழியலாம். தொகுப்பாளர் ஒப்புதல் அளித்ததும் அது களஞ்சியத்தில் சேரும். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு செருகுநிரலின் சுருக்கத்தையாவது தமிழில் எழுதிச் சேர்க்க வாசகர்கள் முன்வர வேண்டும்.