வெண்ணெய் திரளாதது யார் குற்றம்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பலரும் அறிந்த ஊர் அது. அங்கும், அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கறவை மாடு இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஒரு தலைமுறைக்கு முன்பு, இத்தகைய ஊர்களில் பொழுது விடியுமுன்பே 'சர்... சர்...' என்று ஓர் ஒலி கேட்கும். தயிர் கடையும் ஒலிதான் அது. இன்று பெரும்பாலான வீடுகளில் மின் மிக்ஸி அந்த வேலையைச் செய்கிறது. மத்தோ, சுவரில் ஆணியில் தொங்குகிறது. அல்லது பரணில் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் சில நாட்களில் எவ்வளவு கடைந்தாலும் வெண்ணெய் திரளாது. உடனே வீட்டில் பேச்சு எழும். "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "மருமகளுக்குக் கைராசி இல்லை" என்பார் மற்றொருவர். விடியலில் எழுந்து, தோள் நோகக் கடைந்தவளுக்குக் கிடைத்த பரிசு பழிச்சொல்தான். அவள் உண்மையிலேயே குற்றவாளியா? மாணவ நண்பர்களே! இந்த வழக்கை இயற்பியலின் முன் வைத்துப் பார்ப்போம். அதற்கு முதலில் வெண்ணெய் எப்படித் திரளுகிறது என்பதையும், மத்து எப்படி வேலை செய்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

பாலுக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு

பசும்பாலில் 100 பங்கில் ஏறத்தாழ 4 பங்கு கொழுப்பு. எருமைப் பாலில் இது 6 முதல் 8 பங்கு வரை இருக்கும். இக்கொழுப்பு பாலில் கரைந்திருக்கவில்லை. மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரைதான். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிலிட்டர் பாலில் நூறு கோடிக்கும் மேற்பட்ட உருண்டைகள் உள்ளன!

இத்தனை உருண்டைகளும் ஏன் தாமாக ஒன்று சேர்ந்துவிடுவதில்லை? ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு உறைபோல மூடியிருக்கிறது. இரண்டு உருண்டைகள் மோதினாலும், உறைகள் அவற்றைப் பிரித்தே வைக்கின்றன. வெண்ணெய் வேண்டுமானால் இந்த உறை கிழிய வேண்டும். கடைவதன் நோக்கம் அதுவே.

கடையும்போது தயிருக்குள் காற்றுக் குமிழிகள் புகுந்து நுரை பொங்குகிறது. கொழுப்பு உருண்டைகள் குமிழிகளின் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கே நெருக்கமாக நின்று மோதும்போது உறைகள் சிதைகின்றன. உருண்டைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. முதலில் கடுகளவு மணிகள், பிறகு மிளகளவு, இறுதியில் திரண்ட வெண்ணெய். முன்பு நீருக்குள் கொழுப்பு மிதந்தது. இப்போது கொழுப்புக்குள் நீர்த்துளிகள் சிறைப்பட்டிருக்கின்றன. வெண்ணெயில் 100க்கு ஏறத்தாழ 80 பங்கு கொழுப்பும், 16 பங்குக்கு உட்பட்ட நீரும் இருக்கும்.

மத்து: வேகத்தைப் பெருக்கும் எந்திரம்

ஒரு மத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீண்ட மெல்லிய கோல். அதன் அடியில் பள்ளங்கள் வெட்டிய கனத்த தலை. தூணில் கட்டிய இரண்டு கயிற்று வளையங்களுக்குள் கோலைச் செருகி, தலையைத் தயிர்ப்பானைக்குள் இறக்குவார்கள். பானை பிரிமணை மேல் அசையாமல் நிற்கும். கோலின் மேல் ஒரு கயிற்றை இரண்டு அல்லது மூன்று சுற்றுச் சுற்றி, அதன் இரு முனைகளையும் இரு கைகளால் மாறி மாறி இழுப்பார்கள்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோலின் விட்டம் 3 செ.மீ. என்று கொள்வோம். அதன் சுற்றளவு 9.4 செ.மீ. ஓர் இழுப்பில் கயிறு 47 செ.மீ. நகர்ந்தால், மத்து 5 முறை சுழலும். அந்த இழுப்புக்கு அரை நொடி ஆனால், மத்தின் வேகம் நொடிக்கு 10 சுற்று; அதாவது நிமிடத்துக்கு 600 சுற்று! தலையின் விட்டம் 10 செ.மீ. என்றால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் தயிரைக் கிழித்துச் செல்லும். கையின் வேகமோ நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. கோலின் விட்டத்தைப்போலத் தலையின் விட்டம் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு வேகம் கூடுகிறது.

கயிறு வழுக்காமல் கோலைச் சுழற்றுவது எப்படி? ஆற்றுத் துறையில் படகைக் கட்டுபவர், கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான் இங்கும். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வின் பிடி பன்மடங்காகப் பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் கயிற்றின் ஒரு முனையிலுள்ள இழுவிசை மறுமுனையிலுள்ளதைப்போல் 6 மடங்குக்கு மேல் இருந்தாலும் கயிறு வழுக்காது. இரண்டு சுற்றில் இது 43 மடங்கு. மூன்று சுற்றில் 280 மடங்குக்கும் மேல்! எனவே ஒரு கை இழுக்க, மறு கை கயிற்றை இலேசாகப் பிடித்திருந்தாலே போதும்.

முன்னும் பின்னும் ஏன்?

மத்து ஒரே திசையில் சுழல்வதில்லை. வலக்கை இழுக்கும்போது ஒரு திசை. இடக்கை இழுக்கும்போது எதிர்த்திசை. இது குறைபாடு என்று நினைக்கிறீர்களா? ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் நீரில் கொஞ்சம் தேயிலைத்தூளைப் போட்டு, கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். சிறிது நேரத்தில் நீர் முழுவதும் கரண்டியோடு சேர்ந்து சுற்றும். நடுவில் குழி விழும். கரண்டிக்கும் நீருக்கும் இடையிலுள்ள வேக வேறுபாடு குறைந்துவிடும். கரண்டி சுழல்கிறது, ஆனால் நீரை அடிப்பதில்லை. இப்போது சட்டென்று கரண்டியை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நீர் கொந்தளிக்கும்!

மத்தில் இந்தக் கொந்தளிப்பு ஒவ்வோர் இழுப்பிலும் நிகழ்கிறது. ஒரு பக்கம் சுழலத் தொடங்கும் தயிரை, எதிர்த்திசையில் வரும் தலை தாக்குகிறது. தலையிலுள்ள பள்ளங்கள் தயிரை வெளிப்புறமாக வீசி எறிய, மேலிருந்தும் கீழிருந்தும் புதிய தயிர் அந்த இடத்துக்கு வருகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறையும் மத்தை நிறுத்தி, எதிர்த்திசையில் மீண்டும் முடுக்க வேண்டும். 200 கிராம் எடையும் 10 செ.மீ. விட்டமும் உள்ள தலைக்கு, மேலே கண்ட வேகத்தைக் கொடுக்க ஏறத்தாழ அரை ஜூல் ஆற்றல் போதும். ஓர் இழுப்பில் கை 10 நியூட்டன் விசையைச் செலுத்துவதாகக் கொண்டால், அது செய்யும் வேலை 4.7 ஜூல். எனவே பத்தில் ஒரு பங்குதான் தலையைச் சுழற்றச் செலவாகிறது. தலையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்? கனம் மாறாத வட்டத் தலையின் எடை 4 மடங்காகும். சுழற்சி நிலைமம் 16 மடங்காகும்! அரை ஜூல் 8 ஜூலாகிவிடும். ஒரு முழு இழுப்பின் வேலையும் அதற்குப் போதாது. மத்தின் தலை ஏன் பானையின் வாயளவு பெரிதாக இல்லை என்பதற்கு இதுவே விடை. தச்சர் சூத்திரம் எழுதிப் பார்க்கவில்லை. கடைந்தவரின் தோள்வலி அவருக்கு அளவைச் சொல்லிக் கொடுத்தது.

மற்ற நாட்டு வழிகள்

ஐரோப்பாவில், உயரமான மரக் குழாய்க்குள் துளையிட்ட பலகையை உலக்கைபோல் மேலும் கீழும் இடித்தார்கள். திபெத்தில் வெண்ணெய்த் தேநீர் கலக்கும் குழாயும் இவ்வகையே. பின்னர் பீப்பாயையே உருட்டும் எந்திரங்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேசி என்னும் நிறுவனம், கண்ணாடி ஜாடியின் மூடியில் பற்சக்கரமும் கைப்பிடியும் பொருத்தி விற்றது. பெரிய சக்கரத்தில் 60 பல்லும் சிறியதில் 15 பல்லும் இருந்தால், கைப்பிடியை ஒரு முறை சுற்றும்போது உள்ளிருக்கும் துடுப்பு 4 முறை சுற்றும். நம் மத்தில் கயிறும் கோலும் செய்யும் வேலையை அங்கே பற்சக்கரம் செய்கிறது.

அந்தத் துடுப்பு ஒரே திசையில் சுழல்வது. அப்படியானால் ஜாடியிலுள்ளது முழுவதும் சேர்ந்து சுற்றிவிடாதா? அதற்காகத்தான் ஜாடியை நான்கு மூலையுள்ளதாகச் செய்தார்கள். சுற்றிவரும் ஆடை மூலைகளில் மோதிக் கலைகிறது. அவர்கள் பாத்திரத்தின் வடிவத்தை மாற்றினார்கள். நாம் சுழற்சியின் திசையை மாற்றினோம். பானை உருண்டையாக இருக்கலாமா என்பதைக்கூடக் கடையும் முறைதான் முடிவு செய்கிறது!

குற்றவாளி யார்?

இனி வழக்குக்கு வருவோம். பால் கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகும் பொருள் அன்று. குளிர்பதனப் பெட்டியின் குளிரில் அதில் பெரும்பகுதி கெட்டியாக இருக்கும். நம் உடலின் வெப்பநிலையில் ஏறக்குறைய முழுவதும் உருகிவிடும். இடைப்பட்ட வெப்பநிலையில் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் பாதி திரவமும் பாதி நுண்படிகமுமாக இருக்கும். இந்தப் படிகங்களின் முனைகள்தாம் பக்கத்து உருண்டையின் உறையைக் குத்திக் கிழிக்கின்றன. திரவக் கொழுப்பு பசைபோல் இரண்டையும் ஒட்டுகிறது. இரண்டும் வேண்டும்!

மிகவும் குளிர்ந்தால் ஒட்டுவதற்குப் பசை இல்லை. மிகவும் சூடானால் குத்துவதற்குப் படிகம் இல்லை. கொழுப்பு எண்ணெயாகி மோருடன் கலந்துபோகும். எனவேதான் பால் பண்ணைகளில் ஆடையை 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியில் கடைகிறார்கள். நம் முன்னோர் வெப்பமானி இல்லாமலே விடியற்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் மண்பானைத் தண்ணீரையும், மார்கழியில் வெதுவெதுப்பான நீரையும் சேர்த்துக் கடைந்தார்கள்.

கடைவதே தயிரைச் சூடாக்கிவிடாதா? நொடிக்கு ஏறத்தாழ 10 ஜூல் வீதம் 20 நிமிடம் கடைந்தால் 12,000 ஜூல். 4 லிட்டர் தயிரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தவே ஏறத்தாழ 16,000 ஜூல் தேவை. ஆகவே ஒரு டிகிரிகூட ஏறாது. ஆனால் 500 வாட் மிக்ஸியை 2 நிமிடம் ஓட்டினால் 60,000 ஜூல். அதில் பாதி மட்டும் ஒரு லிட்டர் தயிருக்குள் சென்றாலும் 7 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அம்மா மிக்ஸியில் ஐஸ் கட்டி போடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

ஆக, மருமகள் குற்றமற்றவள். வெயில் ஏறிய பிறகு கடைய வைத்ததும், தயிரின் வெப்பநிலையைக் கவனிக்காததுமே பெரும்பாலும் குற்றம். தயிர் சரியாகப் புளிக்காமலிருந்தாலும் இப்படி நேரலாம். புளித்த ஆடை எளிதில் கடைபடும். கைராசி என்பது, தொட்டுப் பார்த்தே வெப்பத்தை அறியும் பழக்கம் அன்றி வேறில்லை.

'வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல' என்று ஒரு பழமொழி உண்டு. நுரை பொங்கியிருக்கும்போது மத்துக்குத் தடை அதிகம். வெண்ணெய் பிரிந்ததும் எஞ்சியிருப்பது நீர்த்த மோர். தடை சட்டெனக் குறைகிறது. கை பழைய விசையிலேயே இழுத்தால் மத்து துள்ளிப் பானையில் மோதும். அந்தப் பழமொழிக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

மூடியுள்ள ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்த புளித்த ஆடையை இரண்டிலும் சம அளவில், மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஊற்றுங்கள். குலுங்கவும் காற்று கலக்கவும் மேலே இடம் வேண்டும். ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு இருவர் ஒரே வேகத்தில் குலுக்கி, எத்தனை குலுக்கலில் வெண்ணெய் மணிகள் தோன்றுகின்றன என்று எண்ணுங்கள். வெப்பமானி இருந்தால் வெப்பநிலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவை உங்கள் பாட்டியிடம் காட்டுங்கள். எப்போதாவது அவரும் கைராசி இல்லாதவர் என்று பழி கேட்டிருக்கக்கூடும்.